பிஎம்ஐ 22.7, வயிற்றுச் சுற்றளவு 94: பனியன் கம்பெனி மருத்துவ முகாம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூர் வட்டாரத்தில் உள்ள நடுத்தர அளவு ஏற்றுமதி பனியன் கம்பெனி. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர்களுக்கு மருத்துவ முகாம் உண்டு. முகாமை ஒப்பந்தத்துக்கு எடுத்திருந்த குழு உயரம், எடை, இரத்த அழுத்தம், கண் பார்வை ஆகியவற்றை எல்லோருக்கும் பார்த்தது. இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்ணான பிஎம்ஐ 25-ஐத் தொட்டவர்களுக்கே சர்க்கரையும் கொழுப்பும் பார்ப்பது, அதற்குக் கீழே இருப்பவர்களின் அட்டையில் 'நார்மல்' என்று முத்திரை குத்தி அனுப்புவது. செலவைக் கட்டுப்படுத்த வைத்த விதி அது.

அந்த விதியால் இரண்டு பேருக்கு இரண்டு விதமான பாதிப்பு வந்தது. ஒருவர் அக்கவுண்ட்ஸ் பிரிவில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், 43 வயது. மற்றவர் லோடுமேன், 34 வயது. இருவரையும் பின்னால் பொது மருத்துவராக நான் பார்த்தேன். இருவரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு இதைப் பதிவு செய்கிறேன்.

பிஎம்ஐ பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். இந்தக் கணக்கை 1830-களில் முன்வைத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே. அவர் மருத்துவர் இல்லை. வானியலும் புள்ளியியலும் அவருடைய துறைகள். ஒரு மக்கள் கூட்டத்தின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று தேடியவர். 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். கூட்டத்தை அளக்கப் பிறந்த எண், பிறகு தனி மனிதரின் அட்டையில் ஏறிவிட்டது. எடையில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு, அந்தக் கொழுப்பு தொடையில் இருக்கிறதா, கல்லீரலைச் சுற்றி இருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது.

நம் மக்களிடம் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். ஒரே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரையும் இந்தியரையும் ஒப்பிட்டால், பொதுவாக இந்தியரின் உடலில் கொழுப்பு அதிகம், தசை குறைவு. கொழுப்பும் வயிற்றில்தான் சேர்கிறது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று எடுத்த படம் அதில் உண்டு. இருவருக்குமே பிஎம்ஐ 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்ற எண்களையும் கவனிக்க வேண்டிய எல்லைகளாகச் சேர்த்தது. இந்திய மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட ஒருமித்த வழிகாட்டுதலில் 23-ஐத் தொட்டால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். முகாமில் ஒட்டியிருந்த அட்டவணையோ 24.9 வரை இயல்பு என்று சொல்லும் பழைய சர்வதேச அட்டவணை.

முகாமில் பதிவானது

கணக்கரின் அட்டையில் இருந்தவை: உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ, பிஎம்ஐ 22.7, இரத்த அழுத்தம் 134/86. 'நார்மல்'. இரத்தம் எடுக்கவில்லை, சுற்றளவு எடுக்கவில்லை, அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்கவும் இல்லை. 23 என்ற இந்திய எல்லையை வைத்திருந்தாலும் இவர் தப்பியிருப்பார் என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லையை இறக்கினால் மட்டும் தீராத பிரச்சினை இது.

லோடுமேனின் அட்டையில்: உயரம் 170 செ.மீ., எடை 81 கிலோ, பிஎம்ஐ 28.0, இரத்த அழுத்தம் 122/78. 'அதிக எடை'. சர்க்கரை, கொழுப்பு இரண்டும் சரியாகவே இருந்தன. ஆனாலும் 'எடை குறைக்கவும்' என்று எழுதி, அச்சடித்த உணவுத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.

ஏழு மாதம் கழித்து

கணக்கர் என்னிடம் வந்தது சர்க்கரைக்காக இல்லை. இடது தோள்பட்டை இறுகி, சட்டை போடக் கையைத் தூக்க முடியவில்லை என்று வந்தார். பேச்சுவாக்கில், இந்த ஆறு மாதத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றியதாகச் சொன்னார். இராத்திரி மூன்று தடவை எழுந்து போகிறாரா என்று கேட்டேன். ஆமாம் என்றார், தண்ணீர் நிறையக் குடிப்பதால் என்று அவரே காரணமும் சொன்னார். இறுகிய தோள்பட்டையும் மாறிக்கொண்டே இருக்கும் கண் பவரும் சேர்ந்து வந்தால் சர்க்கரை பார்க்காமல் விடக் கூடாது. பார்க்கலாம் என்றதும் அவர் சிரித்தார்.

"நானெல்லாம் ஒல்லிங்க டாக்டர். போன முகாம்லகூட நார்மல்னு போட்டுக் குடுத்தாங்க."

எடை இப்போது 61 கிலோ, பிஎம்ஐ 21.6. மூன்று கிலோ இறங்கியிருந்ததை வீட்டில் அலைச்சல் என்று நினைத்திருந்தார்கள். பேண்ட் சைஸ் 32 என்றார். அதாவது 81 செ.மீ. ஆனால் பேண்ட் நின்ற இடம் தொப்புளுக்கு நான்கு விரல் கீழே. சட்டையைத் தூக்கச் சொல்லி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டு முடித்ததும் படித்தபோது 94 செ.மீ. கையும் காலும் மெலிந்திருந்தன, தொடையில் சதையே இல்லை. உருண்டு நின்றது வயிறு மட்டும்தான். சட்டையை வெளியே விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது.

பரிசோதனை முடிவுகள்: வெறும் வயிற்றில் சர்க்கரை 187, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 291, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 9.4 சதவீதம். டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 268, நல்ல கொழுப்பு 34. ஸ்கேனில் கல்லீரலில் முதல் நிலைக் கொழுப்பு. கால் உணர்வு சரியாக இருந்தது. விழித்திரையில் பாதிப்பு இல்லை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்குவதன் அடையாளம் அது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது, இது எந்த வகைச் சர்க்கரை என்பது. எடை இறங்கிக்கொண்டிருக்கும் ஒல்லியான ஆளுக்கு உடனே 'டைப் 2' என்று எழுதிவிடக் கூடாது. நம் பக்கம் கணையத்தில் கல் விழுந்து வரும் சர்க்கரையும் உண்டு. அதுவும் மெலிந்தவர்களுக்கு வருவதுதான். பெரியவர்களுக்கு மெதுவாக வரும் டைப் 1-உம் உண்டு. அதனால் இன்சுலின் பற்றாக்குறையைக் காட்டும் கீட்டோனைச் சிறுநீரிலும், உடல் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைட், டைப் 1-ஐக் காட்டிக்கொடுக்கும் ஜிஏடி எதிர்ப்பொருள் இரண்டையும் இரத்தத்திலும் பார்த்தோம். ஸ்கேனில் கணையத்தைத் தனியாகக் கவனிக்கச் சொன்னேன். கல் இல்லை, கீட்டோன் இல்லை, எதிர்ப்பொருள் இல்லை, சி-பெப்டைட் நன்றாகவே இருந்தது. உடல் இன்சுலின் சுரக்கிறது, அது வேலை செய்யவில்லை. டைப் 2 என்று உறுதியானது. இந்தச் சோதனைகளுக்கு ஆன செலவு அவருக்குச் சுமைதான். ஆனாலும் வகை தவறிப்போனால் மருந்தும் தவறும் என்பதால் இதில் சுருக்கம் பார்க்கவில்லை.

அடுத்த கேள்வி கடினமானது. பிஎம்ஐ 21.6 உள்ளவரை எடை குறைக்கச் சொல்லலாமா?

இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நேரடியாகப் பொருந்தும். பிஎம்ஐ 27-க்குக் கீழே இருந்த 20 சர்க்கரை நோயாளிகளைப் படிப்படியாக எடை குறைக்க வைத்தார்கள். அவர்களில் 14 பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை நீரிழிவு எல்லைக்குக் கீழே இறங்கியது. கல்லீரல், கணையம் இரண்டிலும் கொழுப்பு குறைந்திருந்தது. ஒவ்வொருவரின் உடலும் தாங்கக்கூடிய கொழுப்புக்கு ஒவ்வொரு எல்லை உண்டு, அதைத் தாண்டினால் ஒல்லியானவருக்கும் சர்க்கரை வரும் என்பது அவர்களின் விளக்கம். ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி பிஎம்ஐ 24.8. என் நோயாளி அதைவிட மூன்று புள்ளி கீழே இருந்தார். ஏற்கெனவே மூன்று கிலோவை இழந்தும் இருந்தார். கட்டுப்பாடில்லாத சர்க்கரையில் கொழுப்போடு தசையும் கரையும். மெலிந்திருந்த அந்தத் தொடைகளைப் பார்த்த பிறகு, சாப்பாட்டைக் கடுமையாகக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனவே எடையை இலக்காக வைக்கவில்லை. வயிற்றுச் சுற்றளவு 90-க்குக் கீழே வர வேண்டும், கால் தசை கூட வேண்டும், எச்பிஏ1சி 7-க்குக் கீழே வர வேண்டும் என்று மூன்றை மட்டும் எழுதிக் கொடுத்தேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு வேளை தொடங்கி, பிறகு ஒவ்வொரு வேளையும் 1000 ஆக்கினோம். கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. சேர்த்தோம். சிறுநீர் ஆல்புமினை மூன்று மாதத்தில் திரும்பப் பார்ப்பது, அப்போதும் கூடுதலாக இருந்தால் அதற்கான மாத்திரை தொடங்குவது என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது சந்திப்பில் மனைவி கூட வந்திருந்தார். அவருக்குக் கவலை வேறு.

"இவரு ஏற்கெனவே எலும்பும் தோலுமா ஆயிட்டாருங்க. சொந்தக்காரங்க எல்லாம் என்னாச்சுன்னு கேக்கறாங்க. இன்னும் கம்மியாச் சாப்பிடச் சொல்றீங்களா?"

ஒல்லி என்றால் பலவீனம், கொஞ்சம் உடம்பு போட்டால்தான் ஆரோக்கியம் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமானது. பசி கண்ட தலைமுறைகளிடமிருந்து வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. இங்கே அதுவே அட்டையில் இருந்த 'நார்மல்' முத்திரையோடு சேர்ந்து, ஏழு மாதம் யாரையும் சந்தேகப்பட விடாமல் செய்தது. மனைவியிடம் அளவைக் குறைக்கச் சொல்லவில்லை, தட்டை மாற்றச் சொன்னேன். மதியம் மலைபோல் குவியும் சோறு பாதியாகட்டும், அந்த இடத்தில் கொள்ளுப் பருப்போ பச்சைப்பயறுக் கடையலோ வரட்டும், தினம் இரண்டு முட்டை. கம்பெனியில் ஐந்து வேளை வரும் சர்க்கரை போட்ட டீயை இரண்டாக்கி, சர்க்கரையை விட்டுவிட வேண்டும். நான்கு மணி பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். சாப்பிட்டதும் நாற்காலிக்குப் போகாமல் கால் மணி நேரம் நடை. வாரத்தில் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, மாடிப்படி. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் கணிசமான பங்கை வாங்கிக்கொள்வது தசைதான், உடலின் பெரிய தசைகளில் தொடைத் தசையும் ஒன்று என்று விளக்கியதும் அவர் ஒப்புக்கொண்டார். "சரிங்க, கால்ல சதை போட வைக்கணும், அவ்வளவுதானுங்களே" என்றார். அவ்வளவுதான்.

லோடுமேனுக்கு நேர்ந்தது

கணக்கரின் செய்தி தெரிந்து கம்பெனி நிர்வாகம் என்னை அழைத்து, முகாம் அட்டைகளைப் பார்க்கச் சொன்னது. 'அதிக எடை' பட்டியலில் இருந்தவர்களை ஒவ்வொருவராக வரவழைத்தபோதுதான் லோடுமேனைப் பார்த்தேன். அறைக்குள் வந்ததுமே தெரிந்தது. அகன்ற தோள், கயிறு போல முறுக்கிய முன்கை, தட்டையான வயிறு. சுற்றளவு 84 செ.மீ.

அவருக்கு நடந்திருந்தது இது. அட்டையைப் பார்த்த சூப்பர்வைசர், 'வெயிட் அதிகம், நெஞ்சுக்கு ஏதாவது ஆயிடப் போகுது' என்று நல்லெண்ணத்தில் அவரை லாரி ஏற்றும் வேலையிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிட்டார். ஏற்றுக் கூலி பெட்டிக் கணக்கு, பேக்கிங்கில் தினக்கூலி. வருமானம் கணிசமாகக் குறைந்துவிட்டது. உணவுத் தாளில் சொல்லியிருந்தபடி காலைச் சாப்பாட்டையும் அவர் சுருக்கியிருந்தார்.

"எனக்கு ஒண்ணுமே பண்ணலைங்க சார். நல்லாத்தான் இருந்தேன். அந்தச் சீட்டு குடுத்த பொறவுதான் தலை சுத்துது."

இரத்தப் பரிசோதனை முகாமிலேயே இயல்பாக இருந்தது. திரும்பவும் பார்த்தோம், அப்படியே இருந்தது. இவ்வளவு தெளிவான முடிவுகள் அதே அட்டையில் இருந்தும், மேலே பெரிய எழுத்தில் இருந்த ஒரு சொல் அவற்றை மறைத்துவிட்டது. ஏற்று வேலைக்குத் தகுதியானவர் என்று சான்று எழுதிக் கொடுத்தேன். உணவுத் தாளை வாங்கிக் கிழித்துவிடச் சொன்னேன். அவரிடம் ஒன்றை மட்டும் வலியுறுத்தினேன்: வயது ஏறி இந்த வேலையை விடும்போது தசை குறையும், சாப்பாடு குறையாது; அப்போது எடை இதே 81-ல் நின்றாலும் உடம்பு வேறாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை வயிற்றை அளந்துகொள்ள வேண்டும்.

இதே பட்டியலில் இருந்த மற்றவர்களையும் சொல்வதுதான் நியாயம். பெரும்பாலானவர்களுக்கு பிஎம்ஐ சொன்னது சரியாகவே இருந்தது. செக்கிங் பிரிவில் பிஎம்ஐ 31 உள்ள, ஐம்பதைக் கடந்த பெண் ஒருவருக்கு முழங்கால் வலி, இரத்த அழுத்தம், குறட்டை மூன்றும் இருந்தன. அவருடைய சுற்றளவும் அதையேதான் சொன்னது. உயர்ந்த பிஎம்ஐ பொய் சொல்வது அரிது, லோடுமேன் போன்ற உழைப்பாளிகளிடமும் விளையாட்டு வீரர்களிடமும்தான். இயல்பான பிஎம்ஐதான் நம் ஊரில் அடிக்கடி ஏமாற்றுகிறது. பிஎம்ஐயைத் தூக்கி எறிய வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. தராசும் உயரக்கோலும் எங்கும் கிடைக்கும், யார் எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே எண் வரும். ஒருவரை மேலும் பரிசோதிக்க அந்த எண்ணைக் காரணம் காட்டலாம். பரிசோதிக்காமல் அனுப்பிவிட அதைக் காரணம் காட்டக் கூடாது.

முகாமை மாற்றியது

எல்லோருக்கும் முழு இரத்தப் பரிசோதனை என்று கேட்டிருந்தால் நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்காது, தேவையும் இல்லை. சென்னையில் மருத்துவர் மோகன் குழு 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் முறையை எடுத்துக்கொண்டோம். நான்கே விவரங்கள்: வயது, வயிற்றுச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை. மொத்தம் 100, 60-ஐத் தொட்டால் அபாயம் அதிகம். இதில் எடையே கிடையாது. கணக்கருக்குப் போட்டுப் பார்த்தேன். வயதுக்கு 20, சுற்றளவுக்கு 10, உட்கார்ந்த வேலைக்கு 30, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததற்கு 10. மொத்தம் 70. ஏழு மாதத்துக்கு முன்பு யாராவது நான்கு கேள்வி கேட்டிருந்தால் அன்றே இரத்தம் எடுத்திருப்பார்கள். லோடுமேனுக்கு பூஜ்யம்.

புதிய விதி: மதிப்பெண் 60 அல்லது அதற்கு மேல், அல்லது பிஎம்ஐ 23 அல்லது அதற்கு மேல், இரண்டில் ஒன்று இருந்தாலும் விரல் நுனியில் சர்க்கரை பார்ப்பது, கூடுதலாக இருந்தால் கையின் இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதிப்பது. அட்டையில் 'நார்மல்', 'அதிக எடை' என்ற சொற்களை நிறுத்திவிட்டு எண்களை மட்டும் எழுதச் சொன்னேன்.

அளப்பது நினைத்ததைவிடத் தொல்லையாக இருந்தது. டேப்புக்குப் பஞ்சமில்லை, கட்டிங் மாஸ்டர்களே கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் அவர்கள் துணி அளக்கும் பழக்கத்தில் இறுக்கிப் பிடித்தார்கள், பேண்ட் பட்டியின் மேலேயே சுற்றினார்கள். கூச்சத்தில் ஆண்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். புடவைக் கொசுவத்துக்கு மேல் அளந்தால் ஐந்தாறு செ.மீ. கூடிவிடும், ஆண்கள் முன்னால் பெண்கள் கொசுவத்தைத் தளர்த்த மாட்டார்கள். திரைக்குப் பின்னால் பெண் செவிலியர் ஒருவரை மட்டும் வைத்து, மெல்லிய துணியின் மேல், இரண்டு முறை அளந்து எழுதுவது என்று ஆக்கிய பிறகே நம்பக்கூடிய எண்கள் வந்தன.

பின்விளைவு

ஆறு மாதத்தில் கணக்கரின் எண்கள்: எச்பிஏ1சி 9.4-இலிருந்து 6.7. டிரைகிளிசரைடு 268-இலிருந்து 162. வயிற்றுச் சுற்றளவு 94-இலிருந்து 88. சிறுநீர் ஆல்புமின் மூன்றாம் மாதப் பரிசோதனையிலேயே இயல்புக்கு வந்துவிட்டதால் அதற்கு மாத்திரை தேவைப்படவில்லை. எடை 61-இலிருந்து 61.5, பிஎம்ஐ 21.6-இலிருந்து 21.8. நோய் முற்றிக்கொண்டிருந்த காலத்தில் பிஎம்ஐ 'நல்ல' பக்கமாக இறங்கியது, உடல் தேறிய காலத்தில் துளி ஏறியது. பிஎம்ஐயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த ஆறு மாதத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றும். தோள்பட்டை மட்டும் முழுதாக விடவில்லை, பிசியோதெரபி தொடர்கிறது. மருந்தை நிறுத்தலாமா என்று கேட்கிறார், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

லோடுமேன் ஏற்று வேலைக்குத் திரும்பிவிட்டார். பேக்கிங்கில் இருந்த காலத்தில் இழந்த கூலி திரும்ப வரவில்லை.

புதிய முறையில் நடந்த அடுத்த முகாமில், பிஎம்ஐ 25-க்குக் கீழே இருந்த சிலருக்குச் சர்க்கரை புதிதாகத் தெரியவந்தது. பழைய விதிப்படி அவர்கள் யாருக்கும் இரத்தம் எடுத்திருக்க மாட்டார்கள்.

இனி மாற்ற வேண்டியவை

அபாய மதிப்பெண் முறைக்கும் ஓட்டை உண்டு. 35 வயதுக்குக் கீழே வயதுக்கான மதிப்பெண் பூஜ்யம் என்பதால் இளைஞர்கள் நழுவுவார்கள். தையல் பிரிவில் பாதிப் பேர் அந்த வயதினர். பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தாலே வயது பார்க்காமல் சோதிப்பது என்று அடுத்த முறை சேர்க்கப் போகிறோம். கருவுற்ற காலத்தில் சர்க்கரை வந்த பெண்களையும் தனியாகக் கேட்க வேண்டும். இந்த முறை அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை.

பெண்களிடம் எச்பிஏ1சியை மட்டும் நம்புவதையும் தவிர்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை அந்த எண்ணை உயர்த்திக் காட்டக்கூடும், தொழிலாளிப் பெண்களிடம் இரத்தசோகை மிகச் சாதாரணம். வெறும் வயிற்றுச் சர்க்கரையைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்னொன்று முகாமுக்கு வெளியே இருப்பது. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் அழுத்தமும் பார்க்கிறது. ஆனால் அவர்கள் வரும் பகல் நேரத்தில் இந்தத் தொழிலாளர்கள் கம்பெனியில் இருப்பார்கள். கம்பெனி முகாமோ சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும். பீஸ் ரேட்டில் ஒப்பந்தக்காரர் வழியாக வரும் டெய்லர்களும் ஹெல்பர்களும் இரண்டிலும் விடுபட்டுப் போகிறார்கள். அவர்களையும் அடுத்த முகாமில் சேர்க்க வேண்டும், டேப்பும் நான்கு கேள்வியும் அவர்களுக்குக் கூடுதல் செலவே வைக்காது என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.